துலுக்காணத்துக்குப் போன பதில்

கன்னியம்மா எட்டாவது வரை படித்தவள். பழவேற்காடு ஏரிக்கரையில் அவள் வாழ்க்கைப்பட்ட குப்பத்தில் அது பெரிய படிப்பு. மாமியார் தாயாரம்மாளுக்கு எழுத்து வாசனையே கிடையாது. புருஷனின் அண்ணன் பரசுராமனுக்குப் படகும் வலையும்தான் உலகம். புருஷன் துலுக்காணம் தன் பெயரை மட்டும் எழுதுவான், அதுவும் கடைசி எழுத்தில் ஒரு கொம்பு கூடுதலாகப் போட்டு.

அண்ணன் படகில் கூலிக்காரனைப் போல ஏச்சு வாங்கப் பிடிக்காமல் ஏரியை விட்டு வெளியேறியவன் துலுக்காணம். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புப் பட்டறையில் வெல்டிங் கற்றுக்கொண்டான். எழுபத்தாறாம் வருஷம் குவைத்தில் எண்ணெய்த் தொட்டி கட்டும் கம்பெனிக்குப் போனான். அவன் சொல்லச் சொல்ல அதே அறையில் தங்கியிருந்த பழவேற்காட்டுக்காரன் ஜோசப் கடிதம் எழுதுவான். இங்கே கன்னியம்மா அதை நடுவாசலில் எல்லோருக்கும் படித்துக் காட்டுவாள். பதிலும் எல்லோர் முன்னிலையிலும்தான். புருஷனுக்கென்று தனியாக ஒரு சொல் எழுத அவளுக்குத் துணிச்சல் வந்ததில்லை.

மறு வருஷம் ஆடி மாதத்தில் வந்த கடிதம் வேறு மாதிரி இருந்தது.

'கம்பெனியில் இரண்டு இன்சூரன்ஸ் வைத்திருக்கிறார்கள். ஒன்றைத்தான் எடுக்கலாம். முதலாவது, எனக்கு அடிபட்டோ நோய் வந்தோ எழுந்திருக்க முடியாமல் போனால், விமானத்தில் படுக்கவைத்து, கூட ஒரு நர்சும் வந்து மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போவார்கள். இரண்டாவது, நான் செத்துப்போனால் வீட்டுக்கு ஐம்பதாயிரம் ரூபாய். இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். எதை எடுக்கட்டும்?'

படித்து முடித்ததும் பரசுராமன்தான் தொண்டையைக் கனைத்தான்.

"அவன் இன்னா நோயாளியா? பொறந்ததுலேர்ந்து ஜுரம்னு ஒரு நாளு படுத்திருப்பானா? ரெண்டாவதே எய்து."

"செத்தாத்தான மாமா அது?" என்றாள் கன்னியம்மா.

"அல்லாருந்தான் ஒரு நாளு சாவுறோம். தூக்கிகினு வந்து போட்டா மட்டும் யாரு பாக்கறது? குடும்பத்துக்கு ஒரு புடி வேணும்ல?"

கன்னியம்மா மாமியாரைப் பார்த்தாள். பெற்றவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. தாயாரம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"என் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. அண்ணங்காரன் சொல்றாப்பல எய்திடு."

கன்னியம்மா எழுதினாள். 'இரண்டாவதையே எடுத்துக்கொள்ளவும். எல்லோருக்கும் அதுதான் சம்மதம்.' தாளின் அடியில் இரண்டு விரல்கடை இடம் மீதி இருந்தது. அவள் என்ன எழுதினாலும் அந்த வீட்டில் எவருக்கும் தெரியப்போவதில்லை. பேனா நின்றது. அந்த ஒரு கணத்தில், ஐம்பதாயிரத்துக்கு இந்தக் குடிசையை விட்டுத் தனியாக ஓட்டு வீடே கட்டலாமே என்று அவள் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிற்று. சீ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டே, மகள் மணியம்மாளுக்குப் பால் பல் விழுந்த சேதியை அந்த இடத்தில் எழுதி ஒட்டிவிட்டாள்.

எழுபத்தெட்டு மாசியில் ஜோசப்பிடமிருந்து தந்தி வந்தது. பின்னாலேயே கடிதமும் வந்தது. தொட்டியின் மேல் வேலை செய்யும்போது சாரம் சரிந்து துலுக்காணம் விழுந்துவிட்டான். உயிருக்கு ஆபத்தில்லை. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் வைத்திருந்தார்கள். பிறகு, இனி இங்கே செய்ய ஒன்றுமில்லை, ஊருக்குக் கொண்டுபோங்கள் என்று தொழிலாளர் கொட்டகைக்கே அனுப்பிவிட்டார்கள். உட்கார முடியாதவனை எந்த விமானத்திலும் சும்மா ஏற்ற மாட்டார்கள். படுக்கை வேண்டும், நர்ஸ் வேண்டும். முதல் இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் எல்லாம் தானாக நடந்திருக்கும்.

கன்னியம்மா மெட்ராசுக்கு அலைந்தாள். ஆள் அனுப்பிய ஏஜென்ட் ஆபீசில் கண்ணாடி போட்ட குமாஸ்தா ஒருவர் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். கெட்டவரில்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"இதுல கொண்டாந்து விடற ஷரத்து இல்லைம்மா. அவரே கையெழுத்துப் போட்டிருக்காரு பாரு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா உங்க பணம் கரெக்டா வந்திருக்கும்."

பரசுராமனிடம் படகை விற்கச் சொல்லிக் கேட்டாள். "படகு போனா அல்லாருமா சேந்து ஏரியில வியுறதா?" என்று அவன் எழுந்து போய்விட்டான்.

ஐப்பசியில் ஜோசப் தன் விடுமுறையை எடுத்துக்கொண்டு, கூட இருந்தவர்களிடம் வசூல் செய்து, துலுக்காணத்தைக் கப்பலில் ஏற்றினான். பம்பாய் வரை ஒன்பது நாள் தளத்தில் பாய் போட்டுக் கிடந்தான் துலுக்காணம். அங்கிருந்து ரயில். சென்ட்ரலில் இறக்கியபோது கன்னியம்மாவுக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. வாசனைதான் முதலில் வந்தது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண்.

தாயாரம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பரசுராமனும் ஊர் கேட்க அழுதான். துலுக்காணம் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து, கன்னியம்மா புண்ணைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் வாயைத் திறந்தான்.

"அந்த லெட்டரு நீதான எய்துன?"

"உங்க அண்ணன் சொல்லிச்சு. நான் எய்துனேன்."

"ஜோசப்புதான் படிச்சான். இன்னொரு வாட்டி படிடான்னேன். எங்க ரூமுல ஒம்போது பேரு. அல்லாரு ஊட்லேர்ந்தும் பதிலு வந்துச்சு. 'உசுரோட வந்து சேரு'ன்னு ஒவ்வொருத்தன் பொஞ்சாதியும் எய்தியிருந்தா." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்கு எது வேணும்னு எனக்குத் தெரியாதா? உன் வாயால ஒரு வார்த்தை வரும்னுதான் கேட்டேன். நீ பல்லு வியுந்த கதை எய்தியிருந்த."

அண்ணன் மேலேயே பழியைப் போட்டுவிட்டு அவள் எழுந்திருக்கலாம். அதில் பொய்யும் இல்லை. ஆனால் கையில் புண்ணின் சீழோடு அவளால் அது முடியவில்லை.

"எனக்கும் ஒரு நிமிசம் தோணிச்சுய்யா. அந்தத் துட்டுல தனியா ஒரு ஊடு கட்டிகினு போயிடலாம்னு. ஒரே ஒரு நிமிசம்."

துலுக்காணம் அன்றோடு அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டான்.

பொங்கல் கழித்து பரசுராமன், ஒரு வலையை நம்பி எத்தனை வாய் என்று ஜாடை பேச ஆரம்பித்தான். கன்னியம்மா அவனோடு சண்டைக்குப் போகவில்லை. புருஷனை மாட்டுவண்டியில் படுக்கவைத்து, மகளைக் கூட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிட்டாள். ரயில் பாதை ஓரம் ஓர் அறை கிடைத்தது. புதிதாக எழும்பியிருந்த ஆலையில் இரும்புக் கழிவு பொறுக்கும் வேலையில் சேர்ந்தாள். மாலையில் வரும்போது விரல் நகமெல்லாம் துரு ஏறியிருக்கும். புண் மெல்ல ஆறி, சாய்ந்து உட்கார முடிந்தது. கால்களுக்கு உயிர் வரவில்லை. சக்கரம் வைத்த பலகை ஒன்றைப் பழைய பட்டறைக்காரர்கள் செய்து கொடுத்தார்கள். துலுக்காணம் அதில் உட்கார்ந்து வாசலில் ஸ்டவ்வுக்கும் குடத்துக்கும் ஈயம் பற்றவைக்கத் தொடங்கினான். வருகிறவர்களிடம் பழையபடி சிரித்தும் பேசினான். ஜோசப் லீவில் வந்தால் பாதி நாள் பேச்சு ஓயாது.

கன்னியம்மா வேலை முடிந்து வரும் நேரத்துக்குச் சோறு வடித்து வைத்திருப்பான். அவள் கைகால் கழுவிக்கொண்டு அவனுக்கு இரண்டடி தள்ளி உட்காருவாள். அவன் மகள் பக்கம் திரும்பி, "ஒங்கம்மாவத் துன்னச் சொல்லு" என்பான். மணியம்மாள் சொல்வாள். கன்னியம்மா தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிடுவாள்.