மூன்று பிரதிகளும் ஒரு சிலுவையும்

இஞ்ஞாசிமுத்து சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதியவரில்லை. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் அவரளவு எழுதியவரும் இல்லை. மலைமேல் அணை கட்டும் வேலைக்குக் கூடலூரிலிருந்து ஆள் அனுப்பிய ஒரு காண்டிராக்டரிடம் நகல் எழுதினார். மூலத்தில் ஈ செத்து ஒட்டியிருந்தால் நகலுக்கும் ஒரு ஈ தேடுவார் என்று கேலி செய்தார்கள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

1892-இல் மலையிலிருந்து ஒரு புதுச்சொல் இறங்கியது: டிரிப்ளிகேட். இனி எந்தக் காகிதமும் அப்படித்தான் வர வேண்டுமாம். ஆபீஸில் யாருக்கும் பொருள் தெரியவில்லை. ஆகவே எல்லோரும் தலையாட்டினார்கள். இஞ்ஞாசிமுத்து மட்டும் ஞாயிறு பூசை முடிந்து அனுமந்தன்பட்டிச் சாமியாரைக் கேட்டார்.

"லத்தீன்ல 'திரி'ன்னா மூணு, 'பிளிக்காரே'ன்னா மடிக்கிறது. வேட்டிய மூணா மடிக்கிற மாதிரி. ஒரே விஷயத்த மூணு தாள்ல எழுதணும், அம்புட்டுதான்."

"அப்ப மடிப்பு மூணு, வேட்டி ஒண்ணு."

"பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூணும் ஒரே தேவன் இல்லையா? அது மாதிரி."

"அது வெளங்கல சாமி. வேட்டி வெளங்குது."

அந்த மழைக்காலத்தில் மலைமேல் வேலை செய்த அவர் தம்பி பங்கிராஸுக்குக் காய்ச்சல் கண்டது. ஒப்பந்த ஆள் உத்தரவில்லாமல் கீழே இறங்கக்கூடாது. தாய் இருதயம்மாள் விடவில்லை.

"ஏலே, ஊருக்கெல்லாம் எழுதுற. ஒந் தம்பிக்கு எழுதி அவன எறக்கிக் கொண்டாலே!"

முதன்முறையாகச் சொந்தமாக எழுதினார், மூன்று தாளில். மற்றவர்கள் பிள்ளையார் சுழி போடுவதுபோல அவர்கள் வீட்டில் எழுத்தின் தலையில் சின்னச் சிலுவை போடுவது வழக்கம். எழுத்து ஒன்று, மடிப்புதான் மூன்று. ஆகவே முதல் தாளில் மட்டும் போட்டார்.

மனு மலையேறிப் போய்த் திரும்பி வந்தது: 'பிரதிகள் ஒத்துப்போகவில்லை.'

தலைமை எழுத்தர் வீரபாண்டி தாள்களை நீட்டினார். "ஏம்யா, ஈயக்கூட விடாத ஆளு நீரு. சிலுவைய விட்டுட்டீரே!"

"ஒரு எழுத்துக்கு ஒரு சிலுவைதானே?"

"உமக்கு அது ஒரு எழுத்து. அங்கன மூணு மேசைக்கு ஆளுக்கொரு தாள். பிரிச்சுக் குடுக்க முந்தி பக்கத்துல பக்கத்துல வச்சுத்தான் பாத்திருப்பாக."

அன்றே மூன்று சிலுவையோடு மறுபடி எழுதினார். மழையில் பாதை சரிந்து கிடந்தது; தபால்காரன் ஏறவில்லை. பாதை திறந்ததும் மேலிருந்து முதலில் இறங்கியவன் சேதி சொன்னான். பங்கிராஸ் போய்விட்டான், அங்கேயே அடக்கம் பண்ணியாயிற்று. அந்தச் சேதிக்கு ஒரு பிரதியே போதுமானதாக இருந்தது.

இருதயம்மாள் அழவில்லை. வீட்டு மேசையில் போகாமல் கிடந்த மனுக்களைப் பார்த்து, "இந்த மூணு சிலுவையும் இனி எங்கனலே நடுறது?" என்றாள்.

சாவு அறிக்கையும் மூன்று பிரதி போக வேண்டும். ஆபீஸில் வீரபாண்டி பேனாவை எடுத்தார். "நீரு வேணாம்யா. நான் எழுதுறேன்."

"ஒங்க கையெழுத்து தாளுக்கொரு மாதிரி இருக்கும். திருப்பிருவாக," என்று பேனாவை வாங்கிக்கொண்டார் இஞ்ஞாசிமுத்து.

மூன்றிலும் சிலுவை போட்டார். மூன்றும் அச்சில் வார்த்ததுபோல் இருந்தன.

எதுவும் திரும்பி வரவில்லை.