தேவசகாயம் அண்ணன் கேட்ட நீலம்

போன செவ்வாய்க்கிழமை விழுப்புரம் ஜங்ஷன் பார்சல் ஆபீசில் இரண்டு மூட்டை அவுரி நீலத்தை எடை போட்டுக்கொண்டிருந்தேன். திண்டிவனத்தில் வீட்டுக்கு வந்த தந்தியை என் தம்பி அங்கே கொண்டுவந்து கொடுத்தான். தேவசகாயம் அண்ணன் காய்ச்சலில் காலமாகிவிட்டார். அந்த மூட்டைகள் அவருக்குத்தான் போகவிருந்தன.

அவர் எங்கள் தெருக்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். விழுப்புரம் லோகோ ஷெட்டில் பிட்டராக இருந்தவர், யுத்தம் தொடங்கியபோது வடக்கே ஒரு செப்புச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனார். சுரங்கத்திலிருந்து இறைத்து ஓடையில் விடும் தண்ணீர் அவர் பொறுப்பு. மயில்கழுத்து நிறத்தில் இருக்குமாம்.

முதல் லீவில் அதில் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். நான் அவுரி ஊறவைத்து நீலம் எடுக்கும் தொட்டியின் கட்டையில் வைத்து, துருப்பிடித்த ஆணி ஒரு பிடி அள்ளி அதற்குள் போட்டார். கொஞ்ச நேரத்தில் ஆணியெல்லாம் செம்பாகச் சிவந்தது. "தண்ணியில கரைஞ்சி வீணாப் போற செம்புடா இது. பழைய இரும்பப் போட்டா புடிச்சிக்கும்" என்றார். மறுநாள் பார்த்தால் பாட்டிலில் நீலமே இல்லை. நான் வாயைப் பிளந்தேன். அவருக்கோ பெருமை தாங்கவில்லை.

திரும்பிப் போய்த் தொட்டிகள் கட்டினார், வண்டி வண்டியாகப் பழைய இரும்பைப் போட்டார். செம்பு வந்தது. சுரங்கத்து வெள்ளைக்காரத் துரைக்குச் சந்தோஷம்.

அதற்கப்புறம்தான் வினை. ஓடைக்குக் கீழே கூலிக்காரர் குடிசைகள். நீலமாக ஓடியவரை ஒருவரும் அதைத் தொட்டதில்லை. நிறம் போனதும், கிணறு வற்றிய கோடையில், நல்ல தண்ணீர் என்று மொண்டு குடித்தார்கள். போனது செம்பு மட்டும்தான். அமிலப் புளிப்பும் மற்ற விஷமும் அப்படியே இருந்தன. இரண்டு குழந்தைகள் செத்துப்போயின. குடிக்காதீர்கள் என்று அண்ணன் அரைகுறை இந்தியில் வீடு வீடாகச் சொன்னார், யார் கேட்டார்கள்? புளிப்பை முறிக்கத் தண்ணீரில் போடச் சுண்ணாம்பு கேட்டதற்கு, செம்புதான் வந்துவிட்டதே, அது எதற்கு என்றாராம் துரை. தொட்டிகளை மூடவும் விடவில்லை. யுத்தத்துக்குச் செம்பு வேண்டுமே!

அடுத்த லீவில் என்னிடம் வந்து, ஓடையில் கரைத்துவிட நீலம் கேட்டார். நான் மடையன், சிரித்தேன். "எடுக்கறதுக்குச் சம்பளம் வாங்கிக்கினு, போடறதுக்கு எங்கிட்ட வர்றீங்களாண்ணே?"

அவர் சிரிக்கவில்லை. "தெளிவா இருந்தா குடிக்கிறாங்கடா. தெளிய வெச்சவன் நான்தானே" என்றார்.

திரும்பிப் போனதிலிருந்து தினமும் விடியலில், பெண்கள் குடம் கொண்டுவருமுன், ஓடையின் தலைமாட்டில் போய் நீலத்தைக் கரைத்து ஊற்றினார். மத்தியானத்துக்குள் அடித்துக்கொண்டு போய்விடும் என்று அவருக்கே தெரியும். தண்ணீர் மொள்ளும் நேரத்துக்காவது இருக்கட்டும் என்று எழுதினார்.

இந்த வருஷம் அடைமழையில் அவுரி அழுகிப் போனது. 'நீலம் தீர்ந்துவிட்டது, ஜல்தி அனுப்பு' என்று கார்டு வந்தது. வேறு ஊரில் வாங்கியாவது அனுப்பியிருக்கலாம். அடுத்த அறுப்பு வரட்டும், அனுப்பலாம் என்று ஒன்றரை மாதம் இருந்துவிட்டேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

பார்சல் கிளார்க் தந்தியைப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "பார்ட்டியே பூட்டாருன்னா, அங்க யாருங்க டெலிவரி எடுப்பாங்க?" என்றார்.

சொல்வதற்கு எனக்கு ஒரு பெயரும் தெரியவில்லை. அண்ணன் பெயருக்கே போடச் சொன்னேன்.

போய் வாருங்கள் அண்ணே. நீங்கள் கேட்ட நீலம் ரயிலில் போய்க்கொண்டிருக்கிறது. இன்று காலையும் அந்த ஓடை தெளிவாகத்தான் ஓடியிருக்கும்.