நான்காவது நோட்டில் பதினாறு பக்கம்

இது நடந்ததுதான். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன வந்தது? செல்லூருக்குப் போய் முத்திருளனையே கேட்டுப் பாருங்கள். அவன் வாயைத் திறக்க மாட்டான். பக்கத்துத் தறியில் நிற்கிற பாதுஷாவைக் கேட்டால் தேதி, மணி முதற்கொண்டு ஒப்பிப்பான். கூடவே இருந்து பார்த்தவன் அவன்தான்.

முத்திருளனுக்கு ஊர் அலங்காநல்லூர்ப் பக்கம். வயது முப்பத்தொன்பது. படித்தது பி.ஏ. பார்ப்பது செல்லூரில் ஒரு விசைத்தறிப் பட்டறையில் துண்டு நெய்கிற வேலை. காலை ஆறு மணிக்குத் தறியில் நிற்க வேண்டுமென்றால் நாலரைக்கு எழுந்து முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இந்தப் பிழைப்புக்கு நடுவில்தான் பதினொரு வருடமாக அரசு வேலைக்கான தேர்வு எழுதிக்கொண்டிருந்தான். ஒரு தடவை மூன்று மதிப்பெண்ணில் போயிற்று. இன்னொரு தடவை ஒன்றரையில் போயிற்று. மனிதன் சலித்துப்போய்விட்டான். போதாக்குறைக்கு அவன் எழுதுகிற தேர்வுக்கு அந்த வருடத்தோடு வயது வரம்பும் முடிகிறது. இதையும் கோட்டை விட்டால் கட்டை வேகிறவரை தறிதான்.

அவன் மனைவி முத்துமீனா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இந்த ஒரு தடவ எழுதிருங்க. அப்புறம் நான் கேக்கவே மாட்டேன்." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். இந்தப் பேச்சு அவனுக்கு நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது.

தேர்வுக்குப் படிக்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பாஸானவர் கைப்பட எழுதிய நோட்ஸ் என்றால் போதும், கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். அச்சடித்த புத்தகம் ஆயிரம் இருந்தாலும் அதற்குத்தான் மவுசு. பட்டறைக்கு எதிரே பழைய பேப்பர் கடையில் அப்படி நான்கு நோட்டுகள் முத்திருளனுக்குக் கிடைத்தன. புவி அறிவியல் ஒன்று, கட்டடக்கலை ஒன்று, இலக்கியம் ஒன்று, சுற்றுச்சூழல் ஒன்று. குண்டு குண்டான கையெழுத்து, தலைப்புகளுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு. அட்டையில் 'தமிழ்வாணி, அவனியாபுரம்' என்று பெயரும் தெருவும் இருந்தன. அடியில், 'தேர்ச்சி'. நான்காவது நோட்டில் மட்டும் பதினாறாம் பக்கத்துக்கு மேல் மொத்தமும் கிழிக்கப்பட்டிருந்தது. கிடைத்தவரை லாபம் என்று எடுத்துக்கொண்டான்.

உட்கார்ந்து படிக்க அவனுக்கு நேரம் ஏது? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தான். ஒன்பது மணிக்கு டிபனுக்கு அரை மணி நேரம் விடுவார்கள். இரண்டு இட்லியை முழுங்கிவிட்டு மொட்டைமாடிக்குப் போவான். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, நோட்டைச் சத்தமாக வாசித்து போனில் பதிவு செய்வான். கீழே வந்து தறியை ஓட்டிவிட்டு அதையே காதில் மாட்டிக் கேட்பான். புரிகிறதோ இல்லையோ, வாசிப்பான். தூக்கக் கலக்கத்தில் வரி தாண்டினாலும் வாசிப்பான்.

தேர்வுக்கு இருபத்தாறு நாள் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை, அது ஆரம்பித்தது.

அன்றைக்குப் பாறைகள் பாடம். ஒன்பது ஐந்துக்குத் தொடங்கி, தீப்பாறை முடிந்ததும் ஒன்பது இருபத்துமூன்றுக்கு நிறுத்தினான். பதினெட்டு நிமிடம். ஆனால் தறியில் நின்று கேட்கும்போது, தீப்பாறை முடிந்த பிறகும் அவன் குரல் நிற்கவில்லை. படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று போய்க்கொண்டே இருந்தது. போனை எடுத்துப் பார்த்தான். முப்பத்தொரு நிமிடம் என்று காட்டியது.

மதியம் ஷிப்ட் முடிந்ததும் நோட்டைப் புரட்டினான். குரல் வாசித்தது அத்தனையும் அடுத்த ஒன்பது பக்கத்தில் வரிக்கு வரி இருந்தது. அவன் இன்னும் திறந்தே பார்க்காத பக்கங்கள்.

"நான் இன்னைக்கு எத்தன மணிக்குடா கீழ வந்தேன்?" என்று பாதுஷாவிடம் கேட்டான்.

"ஒம்போதரைக்கு முன்னாடியே வந்துட்டியே மாப்ள. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

பாதுஷா அவன் முகத்தைப் பார்த்தான். "ஒழுங்கா ஒரு நாளு தூங்கு. கண்ணு உள்ள போயிருச்சு."

தூக்கம் கெட்டவன் எதைச் செய்தோம், எதை விட்டோம் என்று குழம்புவது சகஜம்தானே? அப்படித்தான் முத்திருளனும் நினைத்துக்கொண்டான். உண்மையைச் சொன்னால், பயப்படக்கூட அவனுக்குத் தெம்பில்லை. வாசிக்காத பாடமும் காதில் விழுகிறது, அதுவும் தன் குரலிலேயே. வேலை மிச்சம்.

கட்டடக்கலை நோட்டிலும் அதே கதை. அவன் குடைவரைக் கோயிலோடு நிறுத்தினான். குரல் கற்றளி, விமானம், கோபுரம் என்று ஏறிக்கொண்டே போனது. இலக்கிய நோட்டில் அவன் குறிஞ்சியோடு நிறுத்த, குரல் ஐந்து திணையையும் முடித்துவிட்டது. ஒரு தடவை, வாசித்துக்கொண்டே வந்த குரல் நடுவில் நின்று பெருமூச்சு விட்டது. "முடியல…" என்றது. பிறகு தொடர்ந்து வாசித்தது.

அவன் அப்படிச் சொல்லவே இல்லை.

அன்றைக்குத்தான் முத்திருளன் முதன்முதலாகப் பயந்தான். இயர்போனைக் காதிலிருந்து கழற்றிப் பாதுஷாவிடம் கொடுத்தான். பாதுஷா இரண்டு நிமிடம் கேட்டான்.

"ஒன் குரல்தான மாப்ள?"

"என் குரல்தான். ஆனா நான் வாசிக்கல."

"யா அல்லா… அழிச்சுப்புடு அத."

அழிக்கவில்லை. தேர்வுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. சுற்றுச்சூழல் பாடம் பாக்கி.

வெள்ளிக்கிழமை நான்காவது நோட்டை எடுத்தான். ஒன்பது நான்கிலிருந்து ஒன்பது இருபத்தாறு வரை வாசித்தான். பதினாறாம் பக்கம், கண்மாய்கள் தூர்ந்துபோவதால் வரும் விளைவுகள். அதற்கு மேல் பக்கம் இல்லை. நிறுத்தினான்.

பதிவு நாற்பத்தொரு நிமிடம் இருந்தது.

கிழிந்த பக்கத்தில் இருந்தது கிடைக்கப்போகிறது என்று ஆசையாகத்தான் கேட்டான். இருபத்திரண்டாவது நிமிடத்தோடு குரல் நின்றது.

மின்விசிறி சுற்றும் சத்தம். கிரீச்… கிரீச்… மொட்டைமாடியில் ஏது மின்விசிறி?

காகிதத்தில் பேனா உரசும் சத்தம். ஒன்றல்ல, நிறைய பேனாக்கள்.

நாற்பதாவது நிமிடம், ஒரு மணி அடித்தது.

"சார்…" என்றது ஒரு பெண் குரல்.

அதோடு முடிந்துவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. ஷிப்ட் முடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்து அவனியாபுரம் போனான். அட்டையில் இருந்த தெருவைத் தேடிப்பிடித்தபோது மணி மூன்றே கால். வீட்டு வாசலில் நின்று, "அக்கா… தமிழ்வாணி அக்கா வீடுங்களா?" என்று குரல் கொடுத்தான்.

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் கதவுக்குப் பின்னால் வந்து நின்றார். வெளியே வரவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க நோட்டுல கடைசிப் பக்கமெல்லாம் கிழிஞ்சிருக்குக்கா. அடுத்த ஞாயித்துக்கெழம பரீட்சை. எனக்கு இதுதான் கடைசி. அந்தப் பக்கம் இருந்தா ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டுக் குடுத்துருவேன்."

"நீங்களும் வாசிச்சுப் பதிஞ்சு கேக்குறீங்களா தம்பி?"

"ஆமாக்கா."

"நானும் அப்படித்தான் கேப்பேன். எட்டு வருசத்துக்கு முன்னாடி. நான் வாசிச்சு நிறுத்துன பெறகும் போன்ல ஒரு ஆம்பளக் குரல் வாசிச்சுக்கிட்டே போகும். பயந்தேன். ஆனா அம்புட்டும் பரீட்சைக்கு வேணும்கிற பாடம். அதக் கேட்டுத்தான் நாலு நோட்டும் எழுதுனேன். பாஸும் பண்ணிட்டேன்."

"யாருக்கா அந்த ஆளு?"

"இப்ப வாசல்ல நின்னு அக்கான்னு கூப்புட்டீங்கள்ல…" அந்த அம்மா ஓர் அடி பின்னால் போனார். "அந்தக் குரல்தான் தம்பி. ஒங்க குரல்."

முத்திருளன் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டான்.

"கிழிச்ச பக்கத்துல என்னக்கா இருந்துச்சு?"

"பாடம் இல்ல. காதுல விழுந்தத அப்படியே எழுதிட்டேன். மணி அடிச்சுச்சு. 'சார், பேப்பரக் குடுங்க'ன்னு ஒரு பொம்பள கேட்டுச்சு. மூணு தடவ கேட்டுச்சு. அப்புறம் நாற்காலி விழுற சத்தம். 'அய்யய்யோ, சில்லுன்னு கெடக்காரே'ன்னு கத்துச்சு…"

"அப்புறம்?"

"அம்புட்டுத்தான். போயிருங்க தம்பி. பரீட்சைக்குப் போகாதீங்க." கதவைச் சாத்திவிட்டார்.

அந்த ஒரு வாரம் முத்திருளன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. போகாவிட்டால் பதினொரு வருடம் பாழ். போனால்? முத்துமீனாவிடம் சொல்ல நாக்கு எழவில்லை. அவளானால் ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே எழுந்து சட்டையைத் தேய்த்து வைத்திருந்தாள். இரண்டு கருப்புப் பேனா வாங்கி வைத்திருந்தாள். நெற்றியில் திருநீறு பூசி வழியனுப்பினாள்.

அவன் தேர்வு எழுதப் போகவில்லை. நேராகச் செல்லூருக்கு, பாதுஷா வீட்டுக்குப் போனான்.

ஒன்பது மணிக்கு, பாதுஷா கண்ணெதிரே ஹால் டிக்கெட்டை நாலாகக் கிழித்தான். ஒன்பதரைக்குத் தேர்வு தொடங்கியிருக்கும். பாதுஷாவின் மனைவி நிலோபர் டீ கொண்டுவந்து வைத்தாள். அது ஆடை கட்டி ஆறிப்போனது. பன்னிரண்டரை வரை அவன் சுவரில் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தான். அவன் அழுததைப் பார்த்தது பாதுஷா மட்டும்தான்.

வீட்டுக்குப் போய், நன்றாக எழுதியதாகச் சொல்லிவிட்டான்.

ஐந்து மாதம் ஓடியது. ஒரு வியாழக்கிழமை மாலை நாலு பத்துக்கு முத்துமீனாவிடமிருந்து போன். அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள்.

"ஒங்க நம்பர் வந்திருக்குங்க! பாஸாயிட்டீங்க!"

அவள் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தாள். அவன் எதைச் சொல்லி அவளைத் தடுப்பான்? பிறகு சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தது. அவன் போகவில்லை. முத்துமீனா இன்றைக்கு வரை அவனோடு சரியாகப் பேசுவதில்லை. அவன் தறியில்தான் நிற்கிறான்.

ஆனால் பாதுஷாவுக்கு மனசு கேட்கவில்லை. தேர்வு எழுதியவர்கள் தங்கள் விடைத்தாளை இணையத்தில் பார்க்கலாம். ஒரு நாள் முத்திருளனை இழுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனான். பதிவு எண்ணைப் போட்டார்கள். தாள் திறந்தது.

பெயர் அவனுடையது. கையெழுத்தும் அவனுடையது.

நூற்று நாற்பத்தொரு கேள்வி வரை வட்டங்கள் கருப்பு மையில் சுத்தமாக நிரப்பப்பட்டிருந்தன.

நூற்று நாற்பத்திரண்டாவது வட்டம் பாதிதான் நிரம்பியிருந்தது.

அங்கிருந்து ஒரு கோடு… கோணல்மாணலாகக் கீழே இறங்கி, தாளின் விளிம்போடு நின்றிருந்தது.

அதற்குப் பிறகு எல்லா வட்டமும் வெறுமை.