தேயிலைப் பலகையில் ஒரு மீன்தொட்டி

எங்கள் வீட்டுப் பின்னறையில் கிடந்த பெரிய மீன்தொட்டியை என் கணவர் தன் தங்கைக்காகச் செய்தார். அவளுக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. கல்யாணம் முடித்து மாப்பிள்ளையோடு அந்த அறையில்தான் இருந்தாள். மாப்பிள்ளை இரத்தோட்டைத் தோட்டங்களிலிருந்து மாத்தளை ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றும் லொறி ஓட்டினார். ஒரு மழை நாளில் லொறி வளைவைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. முகம் பார்க்கும் நிலையில் இல்லை என்று ஆண்கள் சொல்லிவிட்டார்கள். மூடிய துணியைத்தான் அவள் பார்த்தாள். பின்னேர அஸர் தொழுகைக்கு முன் அடக்கிவிட்டார்கள்.

அன்றே அவளை இத்தாவில் உட்கார வைத்தோம். கணவனை இழந்தவள் நாலு மாதத்துக்கும் மேலாக வெளியே போகாமல், அலங்காரம் செய்யாமல் இருக்க வேண்டும். மார்க்கம் சொன்னதற்கு மேலே என் மாமி, அதாவது அவளைப் பெற்ற தாய், கூட்டிச் சேர்த்தது நிறைய. ஜன்னலை அடைத்தார். கட்டிலை வாசலுக்கு முதுகு காட்டுகிற மாதிரித் திருப்பிப் போட்டார். முற்றத்தில் ஆண்பிள்ளைகள் யாராவது போனால் அவள் முகம் தெரிந்துவிடக் கூடாதாம். இத்தாவில் இருப்பவள் கண்ணாடி பார்க்கக் கூடாது என்று வீட்டிலிருந்த கண்ணாடிகளையெல்லாம் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். என் கணவர் ரேடியோவின் கண்ணாடி முகத்தைப் பார்த்துச் சவரம் செய்து கன்னத்தை வெட்டிக்கொண்டார்.

இவள் பேச்சை நிறுத்திவிட்டாள். சோற்றை உருட்டி வாயில் வைத்தால் வைத்த இடத்திலேயே இருக்கும். நாளுக்கு நாள் கைகள் மெலிந்து வளையல் போட்டிருந்த தடம்கூட மறைந்தது. இவளும் மாப்பிள்ளை பின்னாலேயே போய்விடுவாள் என்று எனக்குப் பயம் பிடித்தது. மாமி அதை வாயால் சொல்லவில்லை. ஆனால் மகள் கண்ணை மூடிக் கிடக்கும்போதெல்லாம் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பார்.

கொல்லையில் உடைந்த தேயிலைப் பெட்டிகளின் ஒட்டுப்பலகை அடுக்கி இருந்தது. மாப்பிள்ளை ஸ்டேஷனிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்த்தது. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் தொட்டியில் மீன்கள் ஓடுவதைப் பார்த்து, அதே போல வீட்டிலும் ஒன்று செய்து தருவதாக இவளிடம் சொல்லியிருந்தார்.

“சுவரப் பாத்துக்கிட்டே கெடந்தா அவ முடிஞ்சிருவா. உசிருள்ள ஏதாவது ஒண்டு கண்ணுக்கு முன்னால அசையணும்” என்றார் என் கணவர்.

“ஒழுங்கா ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. நீங்க தொட்டி செய்யப் போறீங்களா?” என்றேன்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதர் அவர். கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்து அந்த அறையிலேயே வேலையைத் தொடங்கினார். பெட்டிப் பலகை சின்னது. அதனால் பலகைகளைச் சேர்த்து, அதன்மேல் இன்னொரு அடுக்கை மூட்டு மேல் மூட்டு வராமல் மாற்றி ஒட்டினார். மூலைகளில் பெட்டியின் தகரப் பட்டிகளையே வைத்து அறைந்தார். தண்ணீர் விட்டதும் தேயிலை வாசனையோடு எல்லாம் அறை முழுக்க ஓடியது. மாமியின் தொழுகைப் பாயும் நனைந்தது. பலகை அப்பளம் மாதிரி உப்பி இதழ் இதழாகப் பிரிந்தது. நான் சிரித்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு சிரித்திருக்கக் கூடாது என்று தோன்றியது.

மறுபடி கழற்றி, காயவைத்து, ரோட்டு வேலைக்காரர்களிடம் தார் வாங்கி உருக்கி உள்ளே கறுப்பாகப் பூசினார். அப்போது வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். மூடிய நகைக் கடையொன்றின் ஷோகேஸ் கண்ணாடியைக் கெஞ்சி வாங்கிவந்து முன்பக்கம் பொருத்தினார். நாற்றம் போகும்வரை தண்ணீரை நிரப்புவதும் கொட்டுவதுமாக என் இடுப்பு ஒடிந்தது. கட்டில் நீளத்துக்குத் தொட்டி. அவள் கண்ணுக்கு நேரே, சுவரோரம் வைத்தோம். நாவுலப் பக்கம் வாய்க்காலில் பிடித்த மீன்களை வாளியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து விட்டார்.

அப்போதுதான் மாமி பார்த்தார். கறுத்த தொட்டியின் கண்ணாடியில் மகளின் முகம் தெரிந்தது.

“என்ன வேல செஞ்சிருக்கீங்க மகன்? இத்தாவில இருக்கிறவளுக்கு முன்னால ஆளுயரக் கண்ணாடியக் கொண்டுவந்து வச்சிருக்கீங்களே!” என்று கத்தி, வெள்ளைத் துணியொன்றைப் போட்டு மூடினார். இத்தனை பாடும் ஒரு துணிக்குள் போய்விட்டது. கணவர் வெளியே போய் நின்றார்.

மறுநாள் காலை, கட்டிலிலிருந்து குரல் கேட்டது.

“உம்மா, துணிய எடுங்க.”

மாப்பிள்ளை மௌத்தான பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது. மாமி அழுதுகொண்டே தன் கையாலேயே துணியை உருவினார். “மீனத்தானே பாக்கிறா, அல்லாஹ் மன்னிப்பான்” என்றார்.

அதன் பிறகு அவள் நாள் முழுக்கத் தொட்டியையே பார்த்திருந்தாள். கொஞ்சம் கஞ்சி இறங்கியது. நான் தேத்தண்ணீரோடு வாசலில் கால் வைத்தால் சட்டென்று முதுகை நிமிர்த்துவாள், கழுத்து நீளும். கிட்டே போனதும் தளர்ந்துவிடுவாள். தெம்பு வருகிறது, இன்னும் நிலைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கணவருக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் மீன் புராணம்தான்.

அவர் சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தபோது மீன்கள் செத்துவிட்டன. தார் கசிந்ததோ, மாமி அள்ளிப் போட்ட சோறு புளித்ததோ தெரியாது. காலையில் தேத்தண்ணீரோடு போனபோது எல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தன. எனக்கு உயிரே போய்விட்டது. இன்னுமொரு சாவை இவள் தாங்குவாளா? மீன்கள் தெரியாதபடி கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

“மதினி, கொஞ்சம் விலகுங்க” என்றாள்.

“தங்கச்சி, மனச விட்டுராதீங்க. மீன் எல்லாம்…”

“மீனுக்கு என்ன?”

“செத்துப் போயிருச்சு.”

அவள் அப்போதுதான் தண்ணீரின் மேற்பக்கம் பார்த்தாள். “அப்பிடியா” என்றாள். பிறகு கையால் என்னை மெல்ல ஒதுக்கினாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். இருட்டறைக்கு வெளிச்சம் வரும் ஒரே வழி அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த வாசல்தான். அது அந்தக் கறுத்த கண்ணாடியில், நிலை, படி, முற்றம், கொடியில் காயும் துணி என்று துல்லியமாகத் தெரிந்தது.

“கதவு தெரியுது மதினி” என்றாள். “அவர் எப்பவும் முற்றத்தாலதானே வாற. மொகத்த ஒருத்தரும் பாக்க விடல்லியே. அடக்கினது அவரத்தான் எண்டு எப்பிடித் தெரியும்?”

நான் ஒவ்வொரு முறை வாசலில் கால் வைத்தபோதும் அந்தக் கழுத்து ஏன் நீண்டது, கிட்டே போனதும் ஏன் தளர்ந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

இதைக் கணவரிடமோ மாமியிடமோ நான் சொல்லவில்லை. அவர் வேறு மீன்கள் கொண்டுவந்து விட்டார். கண்ணாடியைத் துடைக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு அந்த அறைக்குப் போகும்போதெல்லாம், முற்றத்தில் வரும்போதே, “நான்தான் வாறேன், நான்தான்” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன்.