பெரியக்காவின் வண்டிக்காரர்

எருதின் காதில் வாயை வைத்து, இன்றைக்கு மழை வருமா என்று கோசன் விசாரித்துக்கொண்டிருக்கிறார். பதில் கிடைத்துவிட்ட மாதிரி தலையாட்டிவிட்டு அடுத்த நுகத்துக்கு நகர்கிறார். மொத்தம் இருபத்து நான்கு எருதுகள். அத்தனையும் சேர்ந்து இழுப்பது ஒரே ஒரு பீரங்கிக் குழாயை. படையில் அதற்குப் பெரியக்கா என்று பெயர். அக்கா படுத்தபடியே ஊர் ஊராகப் போவாள். அவளைக் கிடத்தும் மரத்தொட்டிலும் கல்குண்டுகளும் மருந்துப் பீப்பாய்களும் பின்னால் தனி வண்டிகளில் வரும். பொழுதெல்லாம் நடந்தால் அடுத்த ஊரின் மணிக்கூண்டு கண்ணில் படும், அவ்வளவுதான்.

பாலம் வந்தால் முதலில் கோசன்தான் ஏறுவார். நடுவில் நின்று மூன்று முறை குதிப்பார். தொந்தி ஒரு பக்கம் குலுங்க, பலகை ஒரு பக்கம் முனகும். அந்த முனகலைக் கேட்டே எத்தனை முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். பச்சை வெங்காயம் கடித்துக்கொண்டே பேசுவதால் யாரும் கிட்டே போய்க் கேட்பதில்லை.

பீர் உள்ளே போனால் ஒரு கேள்வி உண்டு. "மதில ஒடைக்கிறது அக்கா. அக்காவக் கொண்டாந்து சேக்கிறது நானு. அப்ப ஒடைச்சது யாருங்கறேன்?" இந்த வருஷம் அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

வசந்தத்தில் ஓல்பேக் கிராமத்தில் படைக்கு மாடு பிடித்தார்கள். ஆலெய்த் என்ற விதவையிடம் இருந்தது ஒரே ஜோடி. கயிற்றைக் கோசன் கையில் கொடுக்கும்போது, வெள்ளைக்காலன் எப்போதும் இடப்பக்கம்தான் நிற்க வேண்டும், மாற்றிப் பூட்டினால் இரண்டும் கலைந்துவிடும் என்று இரண்டு தடவை சொன்னாள். "எங்கிட்டயேவாம்மா?" என்று சிரித்தார் கோசன்.

மூன்றாம் நாள் ஓர் இறக்கம். இறக்கத்தில் பாதி மாடுகளை அவிழ்த்து வண்டிக்குப் பின்னால் கட்டி, காலை ஊன்றிப் பிடித்துவரச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அக்கா முன்னால் போகும் மாடுகளின் மேலேயே ஏறிவிடுவாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பீரங்கித் தலைவர் யோரிஸ் குதிரைமேல் இருந்தபடி அவசரப்படுத்தினார். கடைசி முடிச்சைப் போட்டு நிமிர்ந்தபோதுதான் வெள்ளைக்காலன் வலப்பக்கம் நிற்பதைக் கோசன் பார்த்தார். அவிழ்த்து மாற்றக் கொஞ்ச நேரம் போதும். ஆனால் தலைவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்; பின்னால் படையே நிற்கிறது. முப்பது வருஷ வண்டிக்காரன் இடம் வலம் தெரியாமல் பூட்டினான் என்று ஆகிவிடும். அவர் சாட்டையை எடுத்தார்.

பாதி இறக்கத்தில் அந்த ஜோடி ஆளுக்கொரு பக்கம் இழுத்தது. வண்டி சரிந்து, கயிற்றோடு இரண்டையும் பள்ளத்துக்குள் இழுத்துப் போட்டது. அக்காவுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

படையில் ஒரு வழக்கம் உண்டு. பிடித்த மாடு தன் குணத்தால் செத்தால் உடையவருக்கு ஒன்றும் கிடையாது. வண்டிக்காரனின் தவறால் செத்தால் அவன் தன் சொந்த ஜோடியைக் கொடுத்துவிட வேண்டும். கோசனின் ஜோடிதான் முதல் நுகத்தில் நிற்பது. கன்றிலிருந்து அவர் கையில் வளர்ந்தது. என்ன ஆயிற்று என்று யோரிஸ் கேட்டபோது, "மெரளுற மாடுங்கய்யா, பழக்கமே பத்தல" என்று அவர் வாய் சொல்லிவிட்டது. தலைவர் நம்பிவிட்டார். அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

முற்றுகையிட்ட ஊரின்மேல் அக்கா சுடத் தொடங்கிய நான்காம் நாளே மதில் விழுந்தது. படையே பார்க்க ஓடியது. கோசன் போகவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்ன, மாடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து இல்லாத முள்ளையெல்லாம் குளம்பில் தேடிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது வேறு வழியாகப் போகலாமே என்று கெஞ்சிப் பார்த்தார். அக்காவைத் தாங்கும் கல்பாலம் அந்த ஒரு வழியில்தான் இருந்தது. உழவுக்காலம். ஓல்பேக்கில் எல்லா வயலிலும் ஏர் ஓடியது, ஒன்றைத் தவிர.

ஆலெய்த் சாலையோரம் நின்றிருந்தாள். சேதி அவளுக்கு முன்பே வந்திருந்தது. மாட்டைக் கேட்கவில்லை அவள்.

"மெரளுற மாட்டக் குடுத்தவன்னு ஊரெல்லாம் சொல்லுதுண்ணே. எம்புருஷன் பழக்குன மாடு. அது எப்புடி மெரளும்?"

யோரிஸின் குதிரை பத்தடி தள்ளி நின்றது. 

"மெரளல தாயி. நாந்தான் மாத்திப் பூட்டிட்டேன். பாத்தேன். பாத்தும் அவுக்கல."

குதிரைமேல் இருந்தவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். கோசன் அவர் பக்கம் பார்க்காமல் முன்னால் போய் முதல் நுகத்தை அவிழ்த்து, கயிற்றை அவள் கையில் வைத்தார். அவள் இழுத்தாள். எருதுகள் அசையவில்லை. இரண்டும் கழுத்தைத் திருப்பித் திருப்பி அவரையே தேடின.

கோசன் பெரியக்காவின் மறுபக்கம் போய், அவற்றின் கண்ணில் படாதபடி தொந்தியை மடக்கிக் குந்தி, குரலும் கேட்காதபடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.