டொக்டர் கேட்டால் சொல்ல வேண்டியது

நாளைக்குத் திருகோணமலை டவுணில் கிளினிக். யுகேந்திரனின் இடக்கையை முதன்முதலாக ஒரு பிளாஸ்டிக் சேர்ஜன் பார்க்கப்போகிறார். நான்கு வருடமாகப் பெருவிரல் உள்ளங்கையோடு ஒட்டிக் கிடக்கிறது. வலை இழுக்க ஏலாது, சேட் பொத்தான் பூட்டவும் ஏலாது. இவரும் கைவிரித்தால் வேறு போக்கிடமில்லை.

நேர்ஸ் போனில் கொண்டுவரச் சொன்ன பழைய ஆஸ்பத்திரி கார்ட், மருந்துகள் எல்லாவற்றையும் பின்னேரமே அவன் மனைவி நிஷாந்தினி எடுத்து வைத்துவிட்டாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு, டொக்டர் மாதிரி அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

"இது எப்பிடி நடந்தது?"

"எஞ்சினில பெற்றோல் பத்தினது."

வாய் கூசாமல் வந்தது. வராமல் என்ன? அந்தக் கரையில் களவாய் வெடி போட்டு மீன் பிடிக்கிற எவனுக்குக் கை போனாலும் எஞ்சின்தான் பத்தும். கேட்கிறவனும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போவான். பாவம் எஞ்சின்கள்! அன்றைக்கு அவன் மயங்கிக் கிடக்க, பொலிஸுக்குப் பயந்து வார்ட்டில் அந்தப் பொய்யைச் சொன்னவளே நிஷாந்தினிதான். கார்டிலும் அதுதான் எழுதியிருக்கிறது.

"பெற்றோல் எண்டா டொக்டர் தோலை மட்டும் பாத்துப்போட்டு விட்டிருவார். உள்ளுக்கு ஏதும் தெறிச்சுக் கிடந்தா?"

"பொலிஸுக்குச் சொல்லிப்போட்டாரெண்டா?"

"சொல்லட்டும். நான் சொன்ன பொய், நானே மாத்திச் சொல்றன்."

அவளுக்கும் பயம்தான். ஆனாலும் விடவில்லை.

"எப்பிடி நடந்தது?"

"வெடி," என்றான். "எறிய முந்தியே கையில வெடிச்சிட்டுது."

நான்கு வருடத்தில் அந்தச் சொல் அந்த வீட்டில் கேட்டது அன்றுதான். அவளுக்கு அழுகையும் ஆறுதலும் ஒன்றாய் வந்தன. அதோடு எழும்பியிருக்கலாம். எழும்பவில்லை.

"கை சரிவந்தா திரும்பவும் எறிவீங்களோ?"

"இதையும் டொக்டர் கேப்பாரோ?"

"இல்லை. இது நான் கேக்கிறன்."

அவன் இடக்கையைத் திருப்பிப் பார்த்தான். "பொய் சொல்லட்டோ, உண்மையைச் சொல்லட்டோ?"

"உண்மையை."

"தெரியாது, நிஷா."

கிளினிக்குக்குப் போகவேண்டாம் என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும், அவன் நின்றுவிடுவான். அந்தக் கையும் அப்படியே கிடக்கும்.

"அஞ்சரைக்கு பஸ்," என்றாள். "வேளைக்குப் படுங்கோ."