நாலு மந்திர மூச்சு

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. திருப்பலி முடிந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருக்கு அப்பாவைச் சங்குகுளிப்பவராகத் தெரியும். அப்பா தம்மைத் தாமே வென்ற கதை உங்களுக்குத் தெரியாது. மகளாகிய நான் அதைத் தலை நிமிர்ந்தே சொல்கிறேன்.

அப்பா பிறந்தது வேம்பாரில். இளம் வயதிலேயே அப்பா தூத்துக்குடி வள்ளங்களில் ஏறி முத்துக் குளித்தார்கள்; அது நின்ற பிறகு சங்குக்கு இறங்கினார்கள். கடலடியில் கடிகாரம் ஏது? 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கும் அருள் நிறைந்த மந்திரத்தை மனதுக்குள் சொல்லித்தான் எங்கள் ஆட்கள் மூச்சை அளப்பார்கள். அப்பாவுக்கு நாலு மந்திர மூச்சு; நாலு தடவை சொல்லி முடிக்கும்வரை தாங்கும். பீடி அதை இரண்டாக்கிவிட்டது. கோபத்துக்கும் குறைவில்லை.

புதுத் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்த வருடம் அது. பருவ முடிவில் வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி நேராகவே சொல்லிவிட்டார்.

"அண்ணாச்சி, ஒம்ம மூச்சு போயிட்டு. அடுத்த பருவத்துக்கு வேற ஆளப் பாத்துக்கிடுதேன். நீரு துறைமுகத்துல கல்லு சுமக்கப் போரும்."

கடலை விட்டால் அப்பாவுக்கு வேறு உலகம் கிடையாது. வீட்டுக்கு வந்து, பிரிக்காத பீடிக் கட்டு ஒன்றை மாதா படத்தின் கீழே வைத்தார்கள். "கண்ணு முன்னாலயே கெடக்கட்டும், இனித் தொட மாட்டேன்" என்றார்கள். மறுநாள் காலையிலிருந்து மூச்சை அடக்கிக்கொண்டு, மந்திரத்துக்கு ஒன்றாக ஜெபமாலை மணியை உருட்டத் தொடங்கினார்கள். ஒரே மாதத்தில் ஒரு மூச்சுக்குப் பத்து மணி! அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாதான் சிரிக்கவில்லை.

"என்னத்துக்கு இந்த உருட்டு உருட்டுதீய? நீங்க பத்து சொல்லுததுக்குள்ள நான் ரெண்டுதான் சொன்னேன். மாதா மன்னிச்சிருவா. கடலு மன்னிக்குமா?"

அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றோடு ஜெபமாலை அம்மா கைக்குப் போயிற்று. அம்மா ஆற அமர வாய்விட்டுச் சொல்வார்கள்; அப்பா மூச்சடக்கிக் கேட்பார்கள். நடுவில் ஒரு நாள் கடற்கரையில் யாரோ நீட்டிய பீடியைக் குடித்துவிட்டார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது. தாமே வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டு, பீடி தொடாத நாட்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

அடுத்த பருவத்தின் முதல் நாள், அரை மனதோடுதான் சம்மாட்டி அப்பாவை வள்ளத்தில் ஏற்றினார். "ஒரு தடவ எறங்கும். பாத்துட்டுச் சொல்லுதேன்." அப்பா இறங்கினார்கள். நேரம் போயிற்று, ஆளைக் காணோம். சம்மாட்டி பதறிப்போய் மற்றவர்களைக் குதிக்கச் சொல்லிக் கத்தும்போது அப்பா தலை தூக்கினார்கள். இரண்டு கையிலும் சங்கு.

"எங்கன போனீரு அண்ணாச்சி? எங்க உயிருல்லா போயிட்டு வந்துது!"

"அவ நாலு முடிக்கட்டும்னு இருந்தேன்" என்றார்களாம் அப்பா. அம்மாவின் குரல் கீழேயும் கேட்டதாம். சம்மாட்டியே எங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு அப்பாவை அவர் கரையில் நிற்க விட்டதே இல்லை.

கோபம் வந்தாலும் அப்பா ஒரு மந்திரம் சொல்லி முடித்த பிறகுதான் வாய் திறப்பார்கள். அந்த இடைவெளியில் நான் அடிக்குத் தப்பியது எத்தனையோ தடவை.

கடைசி நாட்களில் நெஞ்சு நோயால் மூச்சு ஒரு மந்திரத்துக்கே திணறியது. பிரிந்த அன்று காலை அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து, வழக்கம்போல் ஆற அமரச் சொன்னார்கள். "ஆமென்" வரைக்கும் காத்திருந்துதான் அப்பா மூச்சை விட்டார்கள்.

மருந்து கொடுத்த டாக்டருக்கும், எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்ட பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்த சங்குகுளிக்கும் சகோதரர்களுக்கும், சம்மாட்டிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னும் ஒன்று கேட்கிறோம். அப்பாவுக்காக ஒரே ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கள். நிதானமாகச் சொல்லுங்கள். அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.